விளியும் சுட்டும்: மும்பையில் ‘அண்ணா’

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இட்லிக் கடை முன் நிற்கும் மராத்தியரோ குஜராத்தியரோ கடைக்காரரை ‘அண்ணா’ என்று கூப்பிடும்போது அந்தச் சொல் விளி. அதே மனிதர் தம்மவரிடம் ‘அண்ணா லோக்’ (அண்ணா ஆட்கள்) என்று பேசும்போது அது ஓர் இனப்பெயர். முன்னதில் மூத்தவருக்குரிய மரியாதை இருக்கிறது. பின்னதில் வயதும் இல்லை, உறவும் இல்லை. தெற்கிலிருந்து வந்தவர் என்ற அடையாளம் மட்டுமே எஞ்சுகிறது. உறவுச்சொல்லின் மதிப்பு அதன் அகராதிப் பொருளில் தங்கியிருப்பதில்லை, பேசுபவர் அந்த உறவுக்குள் தம்மை நிறுத்திக்கொள்கிறாரா என்பதைச் சார்ந்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தொல்காப்பியச் சொல்லதிகாரம் விளிமரபுக்குத் தனி இயல் ஒதுக்கி, முறைப்பெயர்கள் விளியேற்கும் விதத்தையும் அங்கே சொல்கிறது. பொதுத்தமிழில் ‘அண்ணன்’ பெயர், ‘அண்ணா’ விளி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவியில் குடியேறியவர்களின் பேச்சில் ‘அண்ணே’, ‘அண்ணாச்சி’ என்பவையே இயல்பான விளிகள். மும்பை இந்தியிலோ ‘அண்ணா’ என்பதே பெயராகி வேற்றுமை ஏற்கிறது, பன்மையும் பெறுகிறது. தமிழர், தெலுங்கர், உடுப்பி உணவகம் நடத்தும் துளுவர், கன்னடர் என எல்லோரும் அதில் அடங்கிவிடுகிறார்கள். 1966-இல் சிவசேனை தோன்றித் தென்னிந்தியரை எதிர்த்த காலத்தில் ‘மதராசி’ என்ற சொல்லும் இவ்வாறே மொழி வேறுபாடுகளை அழித்தது.

மராத்தியிலும் ‘அண்ணா’ உண்டே, அது தமிழிலிருந்து வந்த ஏளனச் சொல் என்பது எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. துக்காராம் என்ற இயற்பெயர் கொண்ட எழுத்தாளர் அண்ணாபாவ் சாட்டே (1920–1969) மக்களிடம் அப்பெயராலேயே அறியப்பட்டார். சி.என். அண்ணாதுரையைத் தமிழகம் ‘அண்ணா’ என்றே படர்க்கையிலும் சுட்டியது. எனவே சுட்டாக வருவதாலேயே மரியாதை போய்விடுவதில்லை. சொல்லின் பிறப்பிடமும் இங்கே முடிவைத் தருவதில்லை. அண்ணாதுரையை அப்படிச் சுட்டியவர்கள் தங்களைத் தம்பிகளாக எண்ணினார்கள். ‘அண்ணா லோக்’ என்பவர் யாருக்கும் தம்பியாக நிற்பதில்லை. வேறுபாடு இங்கேதான் பிறக்கிறது.

இது மும்பையின் தனிக்குறை என்ற வாதமும் நிற்காது. உத்தரப் பிரதேசம், பீகாரிலிருந்து வந்தவர்களை மும்பை ‘பைய்யா’ என்கிறது. அதுவும் அண்ணன் என்றே பொருள்படும். தமிழ்நாட்டில் முஸ்லிம்களைக் குறிக்கும் ‘பாய்’ என்பதும் சகோதரன்தான். கடைக்காரரை ‘வாங்க பாய்’ என்பது உறவு. ‘பாய்மார்’ என்று ஒரு சமூகத்தையே ஒதுக்கிச் சொல்வது முத்திரை குத்துவது. மும்பையில் ‘அண்ணா’ என்ற முத்திரையைச் சுமக்கும் தமிழர், ஊரில் தாம் பிறர்மேல் குத்தும் முத்திரையையும் அதே அளவுகோலால் அளக்க வேண்டும். உறவுச்சொல்லால் ஒருவரை அழைக்கலாம். ஒரு சமூகத்துக்கு அதைப் பெயராக்குவது தவறு.