கொன்றைமாலையும் ரோஜாமலரும்

மலரை அன்பிற்கு அறிகுறியாகக் கொள்ளுதல் மக்கட்குலம் முழுதிற்கும் பொதுவாகிய வழக்கம். எனினும், எம்மலர், எந்நிலைக்கு, யார் யாருக்கு அளிப்பது என்பன நாட்டிற்கு நாடு வேறுபடும். அவ்வேறுபாட்டை ஒருங்கே வைத்துக் காண்டற்கு ஏற்றதோர் இடம், தமிழகத்தின் வடவெல்லையிலுள்ள ஓசூர்ப் பகுதியாகும்.

கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள இந்நிலம் தண்ணிய தட்பவெப்பம் உடையது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கே வழங்குவது. இங்கே மூக்கண்டப்பள்ளி முதலிய இடங்கள் ஆலைகளாலும் தொழிலாளர் குடியிருப்புக்களாலும் நிறைந்துள்ளன. சுற்றுப்புறத்துச் சிற்றூர்களிலோ பசுமைக்குடில்களில் ரோஜா பயிராகின்றது. பிப்ரவரி 14ஆம் நாளாகிய காதலர் நாளை முன்னிட்டுச் செந்நிற ரோஜாக்கள் இங்கிருந்து பிறநாடுகளுக்கு ஆண்டுதோறும் அனுப்பப்படுகின்றன. குன்றின்மேலோ, மரகதாம்பிகையோடு சந்திரசூடேசுவரர் எழுந்தருளியிருக்கின்றார். அடிவாரத்து மலர்க்கும் முடியிலுள்ள பெருமானுக்கும் யாது தொடர்பு என்பது சிந்தித்தற்குரியது.

ரோஜா பண்டைத் தமிழ் நூல்களிற் பேசப்படும் மலரன்று. மேல்நாட்டிலோ அது பழமையுடையது. கிரேக்கர் அதனை அப்ரொதீத்தே என்னும் காதற்றெய்வத்திற்கு உரியதாக்கினர். தன் காதலனாகிய அதோனிசை நாடி ஓடிய அத்தெய்வத்தின் அடியில் முள் தைக்க, அக்குருதியால் வெண்மலர் செம்மலராயிற்று என்பது அவர்தம் கதை. பாரசீகப் புலவர் ரோஜாவைத் தலைவியாகவும், புல்புல் பறவையை அதன்பால் ஏங்கும் காதலனாகவும் பாடினர். வாலண்டைன் என்னும் கிறித்தவத் தொண்டர் பெயரால் வழங்கும் நாளைக் காதலோடு இயைத்துப் பாடியவர், 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாசர் என்னும் ஆங்கிலப் புலவர்.

தமிழர் ஒரு மலரைமட்டும் காதற்கு உரியதாக்கினாரல்லர். காதலின் நிலை ஒவ்வொன்றிற்கும் ஒரு திணை வகுத்து, மலராலும் மரத்தாலும் பெயரிட்டனர். கூடலுக்குக் குறிஞ்சி, இல்லிருத்தலுக்கு முல்லை, ஊடலுக்கு மருதம், இரங்கலுக்கு நெய்தல், பிரிவிற்குப் பாலை என்பன அவை. மேல்நாட்டு ரோஜா ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் செல்லும் பரிசு; தமிழர் மலரோ உள்ளத்தின் நிலையைப் புறத்தே காட்டுவது.

அற்றேல், காமனை எரித்த பெருமானுக்குக் காதன்மலர் எங்ஙனம் இயையுமெனின், கூறுதும். காமன் ஐந்து மலர்க்கணைகளை உடையவன். அவனைப் பெருமான் நெற்றிக்கண்ணால் நீறாக்கிய தலம், அட்டவீரட்டங்களுள் ஒன்றாகிய திருக்குறுக்கை. ஆயினும் உமையம்மையைத் திருமணம் புரிந்தபின், காமன் இரதிக்குமட்டும் உருவுடையனாக விளங்குமாறு அவன் அருளினான் என்று கந்தபுராணம் கூறும். ஆகவே எரிந்தது செருக்கேயன்றி அன்பன்று.

இதற்குச் சான்று எருக்கமலர். தான் விரும்பிய தலைவியைப் பெறாத தலைவன், எருக்கம்பூ மாலை சூடிப் பனைமடலாற் செய்த குதிரைமேல் ஊர்ந்து, தன் நோயை ஊரறியச் செய்வான் என்பது அகப்பொருள் மரபு. பிறர் விரும்பிச் சூடாத அப்பூவையே சிவபெருமான் தன் சடையில் ஏற்றுள்ளான். உலகத்தாரால் எள்ளப்படும் காதலனது மலர் இறைவன் முடிமேல் ஏறிற்று என்பது நினைதொறும் இனிப்பதாம்.

கொன்றையும் அத்தகையதே. அகப்பாடல்களில் அது கார்காலத்தின் அடையாளம். பொருள்வயிற் பிரிந்த தலைவன் மீள்வதாகக் குறித்த பருவத்தைத் தலைவிக்கு உணர்த்துவது. சிவநெறியிலோ அது பெருமானுக்குச் சிறப்பாக உரிய தார். இவ்விரண்டும் ஒன்றாகும் இடம், மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் ஒன்றாகிய நெஞ்சுவிடுதூது. சங்கற்பநிராகரணத்தை 1313ஆம் ஆண்டில் இயற்றிய உமாபதிசிவமே இதற்கும் ஆசிரியர். தூதாகச் செல்லும் நெஞ்சினை அவர் பெற்றுவரப் பணிப்பது கொன்றைமாலையே. ஆங்கே சாசர் பாடிய அந்நூற்றாண்டிலேயே, ஈண்டுத் தில்லையில் வாழ்ந்த அருளாளர் காதன்மரபு முழுவதையும் அருளின்பாற் செலுத்தினார். காதலர் நாளில் மலர் கொடுக்கப்படுகின்றது. தூதிலோ மலர் வேண்டப்படுகின்றது. உயிர் தன் முயற்சியாற் கொள்ளவியலாத அருளே அம்மாலை என்க.

ஓசூர் ரோஜாவிற்கும் ஒரு சோதனை வந்தது. 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவி நாடு முழுதும் ஊரடங்கு நிலவியபோது, இப்பகுதியில் மலர்கள் வாங்குவாரின்றிக் குப்பையிற் கொட்டப்பட்டன. பயிரிட்டார் வருந்தினர். கோயில்களும் அடைபட்டிருந்தமையின் திருமுன்னிற் கொண்டு சேர்த்தற்கும் வழியின்றாயிற்று. சந்தையையும் வழியையும் நம்பிய மலர், அவை மூடப்படின் அழிந்தொழியும் என்பதனை அந்நாள்கள் காட்டின.

கமலை ஞானப்பிரகாசர் புட்பவிதி என ஒரு நூலே இயற்றுமளவிற்குச் சைவர் புறமலரைப் போற்றியுள்ளனர். ஆகலின் அதனை இகழ்தல் தகாது. ரோஜாவும் அன்போடு இடப்படின் ஏற்றமுடையதே. ஆயினும் அகப்பூசைக்குக் கூறப்படும் மலர்கள் எட்டு: கொல்லாமை, ஐம்பொறியடக்கல், பொறுமை, அருள், அறிவு, வாய்மை, தவம், அன்பு. பிறநாட்டார் மலரை அன்பிற்கு அறிகுறி என்றனர். சைவர் அன்பினையே மலர் என்றனர். விலைக்கு விற்கப்படாததும், வழியடைப்பினால் வாடாததும் ஆகிய அம்மலர் எக்காலத்தும் இடற்கு எளியது; இட்டார்க்கு எய்துவது கொன்றைமாலை.