கடைசியா வந்தவருக்குத் தங்கம்

2002, பிப்ரவரி 16. சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்ஸ், ஷார்ட் டிராக் ஸ்கேட்டிங் 1000 மீட்டர் இறுதிப் போட்டி. ஆஸ்திரேலியாவின் ஸ்டீவன் பிராட்பரி கடைசி வளைவு வரைக்கும் அஞ்சாவது இடத்துலதான் இருந்தார். முன்னால போன நாலு பேரும் மோதி விழ, அவர் நிதானமா கோட்டைத் தாண்டினார். ஆஸ்திரேலியாவோட முதல் குளிர்கால ஒலிம்பிக் தங்கமே அதுதான்!

குருட்டு அதிர்ஷ்டம்னு சொல்லிடலாம். ஆனா இந்த ஆட்டத்தைக் கொஞ்சம் பாருங்க. தனித்தனி லேன் கிடையாது. ஐஸ் ஹாக்கி மைதான அளவு இடத்துல எல்லாரும் ஒரே வளைவுக்கு முண்டியடிக்கணும். மத்தவங்க தன்னைவிட வேகம்னு பிராட்பரிக்குத் தெரியும். அவங்க விழுந்தா நாம நிக்கணும்னு திட்டம் போட்டே பின்னால வந்தார். அரையிறுதியிலயும் இதே கதைதான்.

அங்க வந்து நிக்க அவர் கொடுத்த விலையும் இருக்கு. 1994-ல ஸ்கேட் பிளேடு தொடையைக் கிழிச்சு 111 தையல். 2000-ல கழுத்துல எலும்பு முறிவு. அந்த ஒன்றரை நிமிஷத்துக்கு இல்ல, பத்து வருஷ உழைப்புக்குத்தான் இந்தப் பதக்கம்னு பின்னாடி சொன்னார்.

வேகமானவர்தான் ஜெயிப்பார்னா ஸ்டாப்வாட்ச் போதுமே, ரேஸ் எதுக்கு? முடிவு தெரிஞ்சும், அந்தக் கடைசி வளைவுல நான் இன்னிக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுதான் பார்க்கறேன்.