பேப்பரில் தமிழ், ஃபைலில் கட்டம்

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கிறது ஆமத்தூர். பட்டாசு லேபிள், காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை என்று இந்தப் பக்கம் முழுக்க அச்சு வேலைதான். பேப்பரில் தமிழ் அழகாக வந்துவிடும். ஆனால் அதே பழைய ஃபைலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தாலோ, வேர்டுக்கு மாற்றினாலோ, கட்டங்களும் ஆங்கில எழுத்துக் குப்பையும்தான் மிஞ்சும். ஏன் இப்படி?

1990களில் ஒரு ஃபாண்டில் இருந்தது 256 இடங்கள்தான். தமிழ் ஃபாண்ட் செய்தவர்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வைத்தார்கள். பாமினிக்கு ஒரு வரிசை, ஸ்ரீலிபிக்கு வேறு வரிசை. கம்ப்யூட்டருக்கு அது ஆங்கிலம்தான். ஃபாண்ட் மாட்டிவிட்ட சட்டைதான் தமிழ். சட்டை இல்லாத கம்ப்யூட்டரில் குட்டு வெளிப்பட்டுவிடும்!

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. டாம், டாப் என்ற இரண்டு தரங்கள் பிறந்தன. வெளிநாட்டுத் தமிழர்கள் இணையத்தில் கூடிப் பேசி திஸ்கியை உருவாக்கினார்கள். ஆக, தரமே மூன்று! யூனிகோடிலோ 1991 முதலே தமிழ் உண்டு. விண்டோஸ் 2000 அதைக் காட்டவும் செய்தது. ஆனால் அச்சகங்களின் செல்லப்பிள்ளையான பேஜ்மேக்கர், 2001இல் வந்த கடைசிப் பதிப்பு வரை யூனிகோடை அறியாது. அச்சகக்காரர்களைக் குறை சொல்லவும் முடியாது. பேப்பருக்கு வேண்டியது வடிவம் மட்டுமே. உள்ளே என்ன எண் இருந்தால் அதற்கென்ன?

மாற்றும்போது இன்னொரு வில்லங்கம், கொம்பு. பழைய ஃபாண்டில் 'பொ' என்பது கொம்பு, ப, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். யூனிகோடில் முதலில் ப, பிறகுதான் உயிர்க்குறி. வரிசையைத் திருப்பாத மென்பொருளில் பொங்கல் 'ெபாங்கல்' ஆகிவிடும். பி.டி.எஃப்.பில் இருந்து காப்பி செய்தவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள்.

மீட்க முடியும் என்பதற்கு மதுரைத் திட்டம் சாட்சி. 1998 பொங்கலன்று தொடங்கிய அந்தத் தன்னார்வலர்கள், மயிலை ஃபாண்டில் ஏற்றிய இலக்கியங்களைத் திஸ்கிக்கும், பிறகு யூனிகோடுக்கும் கொண்டுவந்தார்கள். எந்தக் குறியீட்டில் ஏற்றினோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2010இல் தமிழக அரசும் யூனிகோடையும் டேஸ்-16ஐயும் தரமாக அறிவித்தது.

பொங்குதமிழ், என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் முதலில் கேட்பதும் பழைய ஃபாண்டின் குறியீட்டைத்தான். அது தெரிந்தால் ஒரு பழைய ஃபைல் சில நொடிகளில் தமிழாகிவிடும். தெரியாவிட்டால் ஊர் வரலாறோ, கோயில் மலரோ, முழுவதையும் உட்கார்ந்து மறுபடி டைப் அடிக்க வேண்டியதுதான். எனவே நண்பர்களே, பழைய சிடியைத் தூக்கி வைக்கும்போது உறைமேல் ஃபாண்டின் பெயரையும் எழுதி வையுங்கள்.