உப்புக் கணக்கும் நாடகச் சுவடியும்

முத்துக்குளித்துறையெனப் புகழ்பெற்ற தூத்துக்குடியில், உப்புப் பண்டகசாலைக் கணக்கெழுதிக்கொண்டிருந்த இளைஞரொருவர், தமது இருபத்து நான்காம் பிராயத்தில் அவ்வுத்தியோகத்தைத் துறந்து நாடக அரங்கம் புகுந்தாரென்பது தமிழ்க் கலைச் சரித்திரத்தில் சாமானியமான சம்பவமன்று. அவரே, காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். 1918இல் மதுரையில் அவர் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பயின்ற தி. க. சண்முகம், பிற்காலத்தில் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை'யில், நான்கு மணி நேரம் நடிக்கத்தக்க 'அபிமன்யு சுந்தரி'யைச் சுவாமிகள் ஒரே இரவில், அடித்தல் திருத்தலின்றி, விளக்கொளியில் எழுதி முடித்த அதிசயத்தை வருணிக்கிறார். நாடகக்காரரைப் பற்றி நாடகக்காரரே செய்த இத்தகைய விமரிசனம், என் அபிப்பிராயத்தில், பண்டிதர் உரைகள் பலவற்றினும் மேலானது. பக்கவாதத்தால் பேச்சிழந்த சுவாமிகள் 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார்.