பதினான்கு ஆட்ட இடைவெளி
1978-ஆம் ஆண்டின் பாஸ்டன் – நியூயார்க் பேஸ்பால் போட்டி வரலாறு

வரலாறு என்பது முடிசூடிய ஆண்டுகளையும் படையெடுத்த ஆண்டுகளையும் அடுக்கிக் கூறுவதோடு முடிந்துவிடுவதன்று. ஒரு நகரத்து மக்கள் எதனைக் கண்டு மகிழ்ந்தனர், எதனை இழந்து கலங்கினர், அவ்விழப்புக்கு என்ன காரணம் கூறித் தம்மைத் தேற்றிக்கொண்டனர் என்பனவும் வரலாறே. அமெரிக்க நாட்டின் கிழக்குக் கரையில் உள்ள பாஸ்டன், நியூயார்க் ஆகிய இரு நகரங்களின் பேஸ்பால் அணிகளுக்கிடையே 1978-ஆம் ஆண்டில் நடந்த போட்டி அவ்வகையில் ஆராயத்தக்கது. ஒரு வலிய அணி தன் முன்னிலையை எவ்வாறு இழந்தது? இழந்தபின் எவ்வாறு நிமிர்ந்தது? நிமிர்ந்தும் ஏன் தோற்றது? இம்மூன்று வினாக்களுக்கும் 'சாபம்' என்னும் ஒரே சொல்லால் விடை கூறுவோர் பின்னாளில் பலராயினர். அவ்விடை பொருந்துமா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

ஆட்டமும் அமைப்பும்

பள்ளிகளில் ஆடப்பெறும் ரவுண்டர்ஸ் விளையாட்டை அறிந்தோர்க்குப் பேஸ்பால் முற்றும் புதியதன்று. அணிக்கு ஒன்பதின்மர். ஒருவர் பந்தெறிய, எதிரணியினர் ஒவ்வொருவராக வந்து மட்டையால் அடிப்பர். அடித்தவர் மூன்று தளங்களைக் கடந்து புறப்பட்ட இடத்திற்கே மீண்டால் ஓர் ஓட்டம். பந்து திடலின் எல்லைச் சுவரைத் தாண்டிப் பறந்துவிட்டால் தளங்களில் நிற்போரும் அடித்தவரும் தடையின்றி ஓடி வந்து சேரலாம்; அதனை ஹோம் ரன் என்பர். மூவர் ஆட்டமிழந்தால் அவ்வணியின் முறை முடியும். இவ்வாறு ஒன்பது சுற்றுகள் நடைபெறும்.

பாஸ்டன் ரெட் சாக்ஸ், நியூயார்க் யாங்கீஸ் ஆகிய இரண்டும் அமெரிக்கன் லீக் என்னும் கூட்டமைப்பைச் சேர்ந்தவை. 1969-ஆம் ஆண்டில் அக்கூட்டமைப்பு கிழக்கு, மேற்கு என இரு பிரிவுகளாக்கப்பட்டது. 1978-இல் கிழக்குப் பிரிவில் ஏழு அணிகள் இருந்தன. ஒவ்வோர் அணியும் ஆண்டுக்கு 162 ஆட்டங்கள் ஆடவேண்டும். முடிவில் முதலிடம் பெற்ற அணி மட்டுமே மேற்செல்லும். இரண்டாமிடம் பெற்றது எத்துணை வெற்றிகளை ஈட்டியிருந்தாலும் வீடு திரும்ப வேண்டியதே. இவ்விதியை மனத்திற் கொண்டாலன்றி அவ்வாண்டின் தவிப்பை உணர்தல் இயலாது.

பழம்பகை

1918-ஆம் ஆண்டு வரை பாஸ்டன் அணி ஐந்து முறை உலகப் பட்டம் வென்றிருந்தது. யாங்கீஸ் அணி ஒருமுறையும் வென்றதில்லை. 1919-ஆம் ஆண்டின் இறுதியில் பாஸ்டன் அணியின் உரிமையாளர் பேப் ரூத் என்னும் பெருவீரரை நியூயார்க்குக்கு விற்றார். அதன்பின் நிலைமை தலைகீழாயிற்று. 1923 முதல் 1977 வரை யாங்கீஸ் 21 பட்டங்களைக் குவித்தது. பாஸ்டனோ 1918-க்குப்பின் ஒன்றையும் காணவில்லை. தந்தை கூறக் கேட்டு மகனும், மகன் கூறக் கேட்டுப் பேரனும் என வழிவழியாக வளர்ந்த பகை இது.

முன்னிலையும் சரிவும்

1978-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள், பாஸ்டன் 62 வெற்றியும் 28 தோல்வியும் பெற்று முதலிடத்தில் நின்றது. யாங்கீஸின் கணக்கு 48 வெற்றி, 42 தோல்வி. இரு அணிகளுக்கும் உள்ள தொலைவை அந்நாட்டினர் எளிய முறையில் கணிப்பர். வெற்றிகளின் வேறுபாடு 14. தோல்விகளின் வேறுபாடும் 14. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 14. ஆகவே யாங்கீஸ் பதினான்கு ஆட்டங்கள் பின்தங்கியிருந்தது. அதன்பின் அது எழும் என்று எண்ணியவர் மிகச் சிலரே.

யாங்கீஸ் முகாமில் பூசலும் ஓங்கியிருந்தது. பந்தை மெல்லத் தட்டுமாறு விடுத்த குறிப்பைப் பின்னர் மாற்றிய பிறகும் நட்சத்திர ஆட்டக்காரர் ரெஜி ஜாக்சன் தம் போக்கில் தட்டினார் என்று, பயிற்றுநர் பில்லி மார்ட்டின் ஜூலை 17-இல் அவரை விலக்கி வைத்தார். ஒரு வாரத்தில், ஜூலை 24-இல், மார்ட்டினே கண்ணீருடன் பதவி துறந்தார். அவரிடத்திற்கு வந்தவர் பாப் லெமன்; அமைதியான இயல்பினர். அவர் ஆட்டக்காரரைக் கடிந்துகொள்ளாமல் ஆடவிட்டார். அணி தன் வலிமையை மெல்ல மெல்ல மீட்டது.

அதே வேளையில் பாஸ்டன் அணியை உடற்குறைகள் வாட்டின. மூன்றாம் தளக் காவலர் புட்ச் ஹாப்சனின் முழங்கையில் எலும்புத் துணுக்குகள் நகர்ந்து அவரால் நேரே எறிய முடியாமற் செய்தன. டுவைட் எவன்ஸ் ஆகஸ்டு இறுதியில் தலையில் பந்து பட்டு, தலைச்சுற்றலோடு ஆடினார். பந்து பிடிப்பவரான கார்ல்டன் ஃபிஸ்க் விலா எலும்பு நோவைப் பொறுத்துக்கொண்டு நின்றார். இவர்களுக்கு ஓய்வளிக்கப் பயிற்றுநர் டான் ஸிம்மருக்கு மனம் வரவில்லை. மாற்று ஆட்டக்காரரும் போதிய அளவில் இல்லை.

செய்தித்தாள் இல்லாத நகரம்

பேஸ்பால் ஆட்டமும் செய்தித்தாளும் உடன்பிறந்தவை எனலாம். இங்கிலாந்தில் 1824-இல் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஹென்றி சாட்விக் என்னும் செய்தியாளரே, ஓர் ஆட்டத்தின் நிகழ்ச்சி அனைத்தையும் ஒரு சிறு கட்டத்துள் எண்களாக அடக்கிக் காட்டும் முறையை 19-ஆம் நூற்றாண்டின் இடையில் வளர்த்தவர். காலையில் அக்கட்டத்தைப் படித்து நேற்றைய ஆட்டத்தை மனக்கண்ணில் மீண்டும் காண்பதும், நாளைய ஆட்டத்தில் எவர் பந்தெறிவார் என ஆராய்வதும் அம்மக்களின் அன்றாட வழக்கம்.

ஆனால் 1978-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் நியூயார்க்கில் அச்சக இயந்திரத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் தொடங்கியது. நியூயார்க் டைம்ஸ், டெய்லி நியூஸ், நியூயார்க் போஸ்ட் என்னும் மூன்று பெரும் நாளிதழ்களும் நின்றன. டைம்ஸும் டெய்லி நியூஸும் நவம்பர் தொடக்கம் வரை வெளிவரவில்லை. ஒரு நகரத்தின் அணி தன் வரலாற்றிலேயே வியத்தகு எழுச்சியைக் காட்டிய நாள்களில், அந்நகரத்தார் வானொலியையும் தொலைக்காட்சியையும் இடைக்காலத்தில் முளைத்த சிற்றிதழ்களையுமே நம்ப நேர்ந்தது. அணியின் உட்பூசல்களை ஊதிப் பெருக்கும் தலைப்புகள் இல்லாமையே ஆட்டக்காரருக்கு அமைதி தந்தது என்று கருதுவோரும் உண்டு. பாஸ்டனிலோ நாளிதழ்கள் தடையின்றி வெளிவந்தன. ஒவ்வொரு தோல்வியும் மறுநாட்காலை மீண்டும் ஒருமுறை வந்து வாயிற்கதவைத் தட்டியது.

நான்கு நாள்கள்

செப்டம்பர் 7-ஆம் நாள் வியாழக்கிழமை, பாஸ்டனின் ஃபென்வே திடலில் நான்கு ஆட்டத் தொடர் தொடங்கியது. அன்று பாஸ்டன் 86 வெற்றி, 52 தோல்வி. யாங்கீஸ் 82 வெற்றி, 56 தோல்வி. இடைவெளி நான்காகக் குறைந்திருந்தது. தொடருக்கு முன் கணக்கிட்டோர்க்குப் பாஸ்டனின் நிலையே மேலாகத் தோன்றியிருக்கும். நான்கையும் வென்றாலன்றி யாங்கீஸ் சமநிலை எய்த முடியாது. பாஸ்டன் ஒன்றே ஒன்றை வென்றாலும் இரண்டு ஆட்ட முன்னிலை எஞ்சும். ஆடுவதும் சொந்தத் திடல்.

நடந்ததோ வேறு. முதல் நாள் 15–3; நான்கு சுற்றுகள் முடிவதற்குள் யாங்கீஸ் 12 ஓட்டங்கள் எடுத்துவிட்டது. இரண்டாம் நாள் 13–2. பாஸ்டன் அணியினர் பந்தைத் தடுப்பதில் பிழைமேற் பிழை செய்தனர். மூன்றாம் நாள் யாங்கீஸின் இடக்கை வீரர் ரான் கிட்ரி பந்தெறிந்தார். பாஸ்டனுக்காக எறிந்தவர் டென்னிஸ் எக்கர்ஸ்லி. நான்காம் சுற்றில் உயர எழுந்த ஓர் எளிய பந்து காற்றில் அலைந்து, சுற்றி நின்ற காவலர் எவர் கைக்கும் எட்டாமல் நடுவே வீழ்ந்தது. அச்சுற்றில் யாங்கீஸ் ஏழு ஓட்டங்கள் எடுத்தது. ஆட்டம் 7–0 என முடிந்தது.

நான்காம் நாள் யாரை எறியவிடுவது என்பதே பாஸ்டனில் எழுந்த பெருவினா. யாங்கீஸைப் பன்முறை வென்ற அனுபவசாலியான பில் லீ இருந்தார். ஆனால் அவருக்கும் ஸிம்மருக்கும் ஒத்துப்போகவில்லை. ஸிம்மர் தேர்ந்தது, பெரிய கூட்டமைப்புக்கு அப்போதுதான் வந்திருந்த பாபி ஸ்ப்ரௌல் என்னும் இளைஞரை. அவ்விளைஞரால் முதற் சுற்றைக்கூட முடிக்க இயலவில்லை. யாங்கீஸ் 7–4 என வென்றது. நான்கு நாள் ஓட்டங்களின் கூட்டுத்தொகை 42-க்கு 9. இரு அணிகளும் 86 வெற்றி, 56 தோல்வி எனச் சரிசமமாயின.

1770-இல் ஆங்கிலேயப் படையினரின் துப்பாக்கிக்கு ஐவர் இரையான நிகழ்ச்சிக்குரிய பெயரையே இத்தொடருக்கும் இட்டு, 'பாஸ்டன் படுகொலை' என மக்கள் வழங்கலாயினர்.

நிமிர்ந்த அணி

இவ்விடத்தில் நிறுத்திவிடுவோர் வரலாற்றின் பாதியையே கூறியவராவர். அடுத்த வாரம் நியூயார்க்கிலும் மூன்று ஆட்டங்களில் இரண்டை இழந்த பாஸ்டன், அத்தோடு ஒழிந்தது என்றே எண்ணப்பட்டது. அது ஒழியவில்லை. இறுதி எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றது. அக்டோபர் 1-ஆம் நாள், கடைசி ஆட்டத்தில் டொராண்டோ அணியை 5–0 என வென்றது; அதே நாளில் யாங்கீஸ் கிளீவ்லாந்திடம் 2–9 எனத் தோற்றது. இரண்டும் 99 வெற்றி, 63 தோல்வி. 162 ஆட்டங்கள் ஆடியும் முதல்வர் யார் எனத் தெரியவில்லை. ஆகவே 163-ஆவது ஆட்டம் ஒன்று மறுநாளே ஃபென்வே திடலில் நடந்தது.

கடைசி ஆட்டம்

அக்டோபர் 2, திங்கட்கிழமை. யாங்கீஸுக்குக் கிட்ரி, பாஸ்டனுக்கு மைக் டோரஸ். டோரஸ் முந்திய ஆண்டில் யாங்கீஸுக்காக எறிந்து உலகப் பட்டம் வாங்கித் தந்தவர். இரண்டாம் சுற்றில் 39 வயதான கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி ஹோம் ரன் அடித்தார். ஆறாம் சுற்றில் மற்றோர் ஓட்டம். பாஸ்டன் 2–0.

ஏழாம் சுற்றில் இருவர் தளங்களில் நிற்க, பக்கி டென்ட் அடிக்க வந்தார். ஆண்டு முழுவதும் நான்கே ஹோம் ரன் அடித்தவர். பந்து காலில் பட்டு நோவுற்றார். இடையே தம் மட்டையை மாற்றித் தோழர் மிக்கி ரிவர்ஸ் தந்த மட்டையை வாங்கினார். அடுத்து அவர் அடித்த பந்து இடப்புறச் சுவருக்கு மேல் எழுந்து வலையில் வீழ்ந்தது. யாங்கீஸ் 3–2. பின்னர் அது 5–2 என உயர்ந்தது. பாஸ்டன் எட்டாம் சுற்றில் இரண்டு ஓட்டங்கள் எடுத்து 4–5 என நெருங்கியது.

ஒன்பதாம் சுற்றில் முதல் தளத்தில் பர்லசன் நிற்க, ஜெரி ரெமி அடித்த பந்தை வலப்புறக் காவலர் லூ பினெல்லா வெயிற்கூச்சத்தில் காணவில்லை. ஆயினும் கைகளை விரித்து நின்றவர், தரையில் பட்டு எழுந்த பந்தைத் தடுத்துவிட்டார். பர்லசன் இரண்டாம் தளத்தோடு நின்றார். அடுத்து ஜிம் ரைஸ் உயர அடித்த பந்து பிடிபட்டது. பர்லசன் முன்னரே மூன்றாம் தளம் சேர்ந்திருந்தால் அப்பந்தில் ஓடி வந்து சமன் செய்திருப்பார். கடைசியாக யாஸ்ட்ரெம்ஸ்கி அடித்த பந்து மேலே எழுந்து மூன்றாம் தளக் காவலர் கையில் அடங்கியது. பதினெட்டாம் ஆண்டாக ஆடிய அப்பெருவீரர், 1983-இல் ஓய்வு பெறும்வரை உலகப் பட்டம் காணாமலே போனார். யாங்கீஸ் அவ்வாண்டின் உலகப் பட்டத்தையும் வென்றது.

சாபமா, காரணமா?

பேப் ரூத்தை விற்றதால் வந்த சாபம் என்னும் பேச்சு, 1990-இல் அப்பெயரில் ஒரு நூல் வெளிவந்த பின்னரே நாடெங்கும் பரவியது. வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அம்முறையை அளவுகோலாகக் கொண்டு நோக்கினால் சாபத்திற்கு இடமில்லை என்பது புலனாகும்.

வலி: புண்பட்டோரை ஓயாது ஆடவிட்டமையால் பாஸ்டனின் வலிமை செப்டம்பரில் தேய்ந்தது, தக்க பந்தெறிவாளர் ஒருவர் பூசலால் ஒதுக்கப்பட்டார். காலம்: ஜூலையில் பெற்ற முன்னிலையை முடிந்த வெற்றியாகக் கொள்ள, 162 ஆட்டங்கள் கொண்ட நெடிய ஆண்டு இடம் தராது. இடம்: ஃபென்வே திடலின் இடப்புறச் சுவர் 37 அடி உயரமுடையதாயினும், அடிப்பவரிடமிருந்து 310 அடி அளவே தொலைவுடையது. டென்ட் அடித்த பந்து வேறு பல திடல்களில் காவலர் கையில் அடங்கியிருக்கக்கூடும். பாஸ்டனின் ஆட்டக்காரர் நாள்தோறும் பயன்கொண்ட அச்சுவரே அன்று பகைவர்க்கும் உதவிற்று. சுவருக்கு நட்பும் பகையும் இல்லை.

2004-ஆம் ஆண்டில் அதே யாங்கீஸிடம் முதல் மூன்று ஆட்டங்களை இழந்த பாஸ்டன், அடுத்த நான்கையும் வென்று, 86 ஆண்டுகளுக்குப்பின் உலகப் பட்டமும் பெற்றது. விதிகளும் மாறின. இரண்டாமிடத்தாருக்கும் வழிவிடும் ஏற்பாடு 1995 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்றாயின் 99 வெற்றி பெற்ற இரண்டு அணிகளுமே மேற்சென்றிருக்கும்.

ஆயினும் அன்றைய விதிப்படி ஒன்றே செல்லவேண்டியிருந்தது. பலர் நினைவில் நிற்பது டென்ட் அடித்த ஒரே அடி. ஆனால் அவ்வடி தீர்ப்பாக அமைந்ததற்குக் காரணம், அதற்குமுன் இரு அணிகளும் 162 ஆட்டங்களில் ஒன்றையொன்று விஞ்ச முடியாமல் நின்றமையே. ஏப்ரலிலோ மேயிலோ யாரும் பொருட்படுத்தாத ஓர் ஆட்டத்தைப் பாஸ்டன் கூடுதலாக வென்றிருந்தால், அக்டோபர் 2-ஆம் நாள் ஆட்டமே நடந்திராது. பெரிய தோல்விகளின் வேர் பெரும்பாலும் சிறிய நாள்களிலேயே இருக்கிறது என்பதே அவ்வாண்டு விட்டுச்சென்ற பாடமாகும்.