தலைக்கு மேல ஓடின நட்சத்திரங்கள் - ஸ்புட்னிக் முதல் ஸ்டார்லிங்க் வரை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் மொட்டை மாடியில் இருட்டின பிறகு நின்றால் வானத்தில் மூன்று விதமான வெளிச்சம் நகரும். மினுக் மினுக்கென்று சிமிட்டினால் மீனம்பாக்கம் விமானம். சர்ரென்று ஒரு விநாடியில் போனால் எரிகல். சிமிட்டாமல், சத்தமில்லாமல் நாலைந்து நிமிஷம் நிதானமாக நடந்து, சில சமயம் நடுவானத்திலேயே அணைந்து போனால் அது செயற்கைக்கோள். இந்த மூன்றாவது ஆசாமிக்கு ஒரு சரித்திரம் இருக்கு. அதுல நம்ம ஊருக்கும் பங்கு இருக்கு.

முதல் ஆள் ஸ்புட்னிக். 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் யூனியன் ஏவியது. 58 செ.மீ. விட்டம், 83.6 கிலோ. பூமியை ஒரு சுற்று சுற்ற 96 நிமிஷம். "ஸ்புட்னிக்கை நான் கண்ணால பார்த்தேன்" என்று சொன்னவர்கள் உலகம் முழுக்க உண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் பார்த்தது ஸ்புட்னிக் இல்லை, அதைத் தூக்கிப் போன ராக்கெட்டின் மையப் பகுதி! 25 மீட்டருக்கும் மேல் நீளமான அந்த உலோகக் கூடும் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தது. கோளத்தின் பிரகாச எண் சுமார் 6, ராக்கெட்டுக்குச் சுமார் 1. எண் குறையக் குறைய வெளிச்சம் ஜாஸ்தி. 5 எண் வித்தியாசம் என்றால் 100 மடங்கு.

இந்த 100 மடங்குக் கணக்கை 1856-ல் சொன்னவர் நார்மன் போக்சன். அவர் 1861-ல் சென்னைக்கு வந்து, நுங்கம்பாக்கம் வானாய்வுக் கூடத்தின் பொறுப்பில் 1891-ல் சாகும்வரை இருந்தார். இன்றைக்கு செல்போனில் "விண்வெளி நிலையம், மைனஸ் 3" என்று வந்தால், அந்த மைனஸ் 3-க்குப் பின்னால் ஒரு நுங்கம்பாக்கத்துக்காரர் இருக்கார் :-)

சரி, ஸ்புட்னிக்குக்கு வருவோம். அந்த ராக்கெட் கூடு டிசம்பர் 1 அன்று விழுந்துவிட்டது. அதாவது கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு மாதமும் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். மேகம் விலகிய நாளில் பார்த்தவர்கள் பாக்கியவான்கள்.

அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் செயற்கைக்கோள்களைப் படம் பிடிக்க உலகில் 12 இடங்களில் பேக்கர்-நன் என்ற ராட்சத கேமராக்களை வைத்தது. அதில் ஒன்று நைனிடாலில். அப்போது அந்த வானாய்வகத்தின் தலைவர் வைணு பாப்பு. 1960-ல் கொடைக்கானலுக்கு வந்து, பிறகு ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தை உருவாக்கியவரும் இவரேதான். எழுபதுகளில் அதே காவலூரில் இஸ்ரோவும் சோவியத் அறிவியல் கழகமும் சேர்ந்து ஒரு செயற்கைக்கோள் கண்காணிப்பு நிலையம் நடத்தின. பனிப்போர்ல ரெண்டு பக்கமும் நம்ம வானத்தைப் பயன்படுத்திக்கிச்சு. நாமளும் ரெண்டு பேர்கிட்டயும் கத்துக்கிட்டோம்.

சாதாரண ஜனங்க கழுத்து வலிக்கப் பார்த்தது எக்கோ பலூன். 1960-ல் போன எக்கோ-1 என்பது 30 மீட்டர் விட்டமுள்ள பளபள பலூன். 1964-ல் போன எக்கோ-2 இன்னும் பெரிசு, 41 மீட்டர். தெருவிளக்கு அதிகமில்லாத காலம். பைனாகுலர் எதுவும் தேவைப்படவில்லை.

பிறகு 1979. வேடிக்கை பயமாக மாறிய வருஷம். 77 டன் எடையுள்ள ஸ்கைலாப் விழப் போகிறது, எங்கே என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. சூரியனின் சீற்றத்தால் மேல் வளிமண்டலம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக உப்பி, அதை இழுத்துவிட்டது. அது சுற்றிய பாதை 50 டிகிரி வடக்குக்கும் 50 டிகிரி தெற்குக்கும் இடையில். இந்தியா முழுசும் உள்ளே. உலகம் அழியப் போகுதுன்னு ஆடு கோழியை அடிச்சுச் சாப்பிட்ட கதைகளை ஆந்திராவிலும் இங்கேயும் பெரிசுங்க இன்னமும் சொல்லுவாங்க. கடைசியில் ஜூலை 11 அன்று இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சிதறியது. யாருக்கும் காயமில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த மாதம் நடந்தது. ஆகஸ்ட் 10 அன்று, அம்பத்தூருக்கு நேர் வடக்கே சுமார் 70 கிலோமீட்டரில் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம்முடைய முதல் எஸ்.எல்.வி-3 கிளம்பி வங்காள விரிகுடாவில் விழுந்தது. 1980 ஜூலை 18-ல் அடுத்தது ஜெயித்து ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தது. எவனோ விட்டது நம்ம தலையில் விழுமோ என்று பயந்த ஊருக்குப் பக்கத்திலேயே, ஒரே வருஷத்தில் நாமே மேலே அனுப்ப ஆரம்பித்துவிட்டோம்.

நாம் பார்க்க உகந்த நேரம் எது? செயற்கைக்கோளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. நமக்கு இருட்டி, 400 கி.மீ. உயரத்தில் இன்னும் வெயில் அடிக்கணும். நம்ம ஊரில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்த அவகாசம் மறைந்த பிறகு ஒன்றரை மணி நேரத்துக்குள், அல்லது விடிவதற்கு முன் அதே அளவு. இங்கிலாந்துக்காரர்கள் கோடையில் நடுராத்திரியிலும் விண்வெளி நிலையத்தைப் பார்ப்பார்கள். பொறாமை வேண்டாம்: ஹப்பிள் தொலைநோக்கி லண்டன் வானத்தில் எழும்புவதே இல்லை. நமக்கோ உச்சி வானத்திலேயே வரும்.

இரிடியம் செயற்கைக்கோள்கள் திடீரென்று மைனஸ் 8 வரை பளிச்சிட்ட கூத்து, பழைய தொகுதியை இறக்கிவிட்டதால் 2019 வாக்கில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதே 2019 மே மாதம் ஒரே ராக்கெட்டில் 60 ஸ்டார்லிங்க் போயின. ரயில் பெட்டி மாதிரி வரிசையாகப் போவதைப் பார்க்க அழகுதான். ஆனால் அவை இப்போது ஆயிரக்கணக்கில். வானியலாளர்களின் படங்களில் கோடு கோடாக விழுகின்றன. ஒன்றே ஒன்றுக்காக ஊரே வாசலில் நின்ற காலம் போய், எதைப் பார்ப்பது என்று தெரியாத காலம் வந்துவிட்டது.

ஒரு கவலை. ஏவிய தேதி, எடை, உயரம் எல்லாம் ஆவணங்களில் பத்திரமாக இருக்கு. நம்ம தெருவில் நின்று பார்த்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது எங்கேயும் இல்லை. 1957-ல் பத்து வயசு என்றால் இப்போது எண்பதை நெருங்குகிறார்கள். உங்க வீட்டிலோ எதிர் வீட்டிலோ ஒரு தாத்தா, பாட்டி இருப்பாங்க. ஸ்புட்னிக், எக்கோ, ஸ்கைலாப் - இந்த மூணு பேரை மட்டும் சொல்லிப் பாருங்க. அவங்க சொல்றதை அப்படியே எழுதி வையுங்க மக்களே. இப்ப விட்டா அப்புறம் கிடைக்காது.