கும்பாப்பேட்டையும் கிரிப்பூரும்: கேத்லீன் கஃப் கண்ட தஞ்சை

பொன்னி நாட்டின் வளத்தைப் பாடிய புலவர் பலர். அவ்வளத்தை விளைவித்த பண்ணையாள் களத்தில் எத்தனை மரக்கால் நெல் பெற்றான், குத்தகைக்காரனுக்கு அறுவடையில் எஞ்சியது எவ்வளவு என்று ஊரில் தங்கிக் கேட்டு எழுதியோர் மிகச் சிலர். அச்சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவர், தமிழ் மண்ணிற் பிறவாத ஒரு பெண்மணி. மானிடவியல் அறிஞர் கேத்லீன் கஃப்.

இங்கிலாந்தில் யார்க்ஷயர் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் 1925-இல் கொல்லர் ஒருவரின் மகளாகப் பிறந்த இவர், கேம்பிரிட்ஜில் கிர்ட்டன் கல்லூரியில் பயின்றார். 1947 முதல் 1949 வரை மலபாரில் தங்கி, நாயர் சமுதாயத்தின் தாய்வழி உறவுமுறையை ஆராய்ந்து, 1950-இல் முனைவர் பட்டம் பெற்றார். திருமணம் என்பதற்கு மானிடவியலார் வகுத்திருந்த இலக்கணம் நாயர் வழக்கத்தோடு பொருந்தாமையைக் காட்டி, 1959-இல் இவர் எழுதிய கட்டுரை அத்துறையில் பெரும் விவாதத்தைக் கிளப்பிற்று. உறவுமுறை வல்லுநர் என்ற புகழுக்கு அதுவே போதும். ஆயினும் தஞ்சை இவரை வேறொரு வினாவின்பால் இட்டுச் சென்றது.

1951 முதல் 1953 வரை இவர் தஞ்சை மாவட்டத்தில் இரண்டு ஊர்களில் களப்பணி செய்தார். வடமேற்குத் தஞ்சையிலிருந்த கும்பாப்பேட்டை, அக்கிரகாரத்தார் தம் நிலவுடைமையால் ஆதிக்கம் செலுத்திய ஊர். கீழ்த்தஞ்சையிலிருந்த கிரிப்பூர், பொதுவுடைமை இயக்கத்தின் குரல் சேரிவரை எட்டியிருந்த ஊர். இரண்டும் மானிடவியலார் வழக்கப்படி இட்ட புனைபெயர்கள். நிலப்படத்தில் தேடுவோர் ஏமாறுவர். அக்காலத்தே, 1952-இல், தஞ்சைக் குத்தகையாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. தலைமுறை தலைமுறையாய் மிராசுதாரரைச் சார்ந்திருந்த உழைப்பாளர் சட்டத்தின் பெயரால் நிமிர முயன்ற வேளையை நேரிற் காணும் வாய்ப்பு இவருக்குக் கிட்டியது.

எனினும் ஐம்பதுகளில் இவர் வெளியிட்ட தஞ்சைக் கட்டுரைகள் சாதி அமைப்பையும் உறவுமுறையையுமே முதன்மையாகப் பேசின. அதே குறிப்பேடுகளை வர்க்கம் என்னும் கண்கொண்டு மீண்டும் படித்து நூலாக்கியது 1981-இல். சாதியும் வர்க்கமும் எங்கே ஒன்றுகின்றன, எங்கே விலகுகின்றன என்று அந்நூல் நுணுகிக் காட்டுகிறது. அக்கிரகாரத்திலேயே நிலக்கிழாரும் உண்டு, நலிந்தோரும் உண்டு. குடியானவர் தெருவில் குத்தகைக்காரரும் கூலிக்காரரும் அடுத்தடுத்து வாழ்ந்தனர். சேரியிலோ ஏறத்தாழ எல்லோரும் கூலிகளே. சிறு மிராசுதாரரைக் 'குட்டி முதலாளி வர்க்கம்' என்று வகுப்பது ஐரோப்பிய அங்கியைத் தஞ்சை உடலுக்கு அணிவிப்பதாகவே படுகிறது. ஆனால் ஓர் ஆய்வாளர் தம் பழைய முடிவுகளைத் தாமே திறந்து திருத்திக்கொள்வது கல்வியுலகில் எளிதிற் காணக்கிடைப்பதன்று.

இத்திருத்தத்துக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. 1961-இல் அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். மறு ஆண்டு கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது அமெரிக்க அரசின் போக்கைக் கண்டித்துப் பேசியமையால் நிருவாகத்தின் சினத்துக்கு ஆளாகி, 1963-இல் வெளியேறினார். அடுத்து ஓரிகன் பல்கலைக்கழகம். தேர்வில் குறைந்த மதிப்பெண் பெறும் மாணவர் வியட்நாம் போருக்கு அனுப்பப்படக்கூடும் என்ற நிலையில், தாம் இடும் மதிப்பெண் அதற்குத் துணைபோவதை இவர் மனம் ஏற்கவில்லை. கணவரும் மானிடவியலாருமான டேவிட் ஏபர்லியோடு 1967-இல் கனடா சென்றார். அங்கும் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் 1969-இல் மூண்ட வேலைநிறுத்தத்தை அடுத்துப் பதவியிழந்தார். அமெரிக்க உளவுத்துறை இவரைப் பற்றிக் கோப்பு வைத்திருந்தமையும் பின்னாளில் வெளிப்பட்டது. மானிடவியல் ஏகாதிபத்தியத்தின் மடியில் வளர்ந்த குழந்தை என்று 1968-இல் துறையினரை நோக்கி எழுதிய துணிவு, இவ்வலைச்சல்களுக்கிடையே பிறந்தது.

அவ்வாண்டு டிசம்பர் 25-ஆம் நாள் கீழ்த்தஞ்சையில், கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரிந்து மாண்டனர். பதினாறு ஆண்டுகட்கு முன் இவர் கிரிப்பூரில் எழுதிவைத்த கூலிக் கணக்கு வெறும் கணக்கன்று என்பதைத் தமிழகம் அன்று அறிந்தது. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1975-இல் அத்தீயை நாவலாக்கியது. படைப்பாளி ஆய்வாளரை முந்திக்கொண்ட இடம் இது.

1974-இல் இந்திய உழவர் கிளர்ச்சிகள் எழுபத்தேழினைத் தொகுத்து ஆராய்ந்து கட்டுரை வரைந்த கஃப், 1976-இல் தஞ்சைக்கு மீண்டு வந்தார். அப்போது வயலில் புதிய நெல் வகைகளும் இரசாயன உரமும் வந்துவிட்டன, விளைச்சல் பெருகியிருந்தது. பழைய பண்ணையாள் முறை பெரிதும் மறைந்து, நாட்கூலி நிலைத்திருந்தது. கட்டு அறுந்ததோடு, ஆண்டு முழுதும் கிடைத்துவந்த குறைந்தபட்சப் பாதுகாப்பும் அறுந்திருந்தது. பெருகிய நெல்லின் பயன் அறுத்தவர் கைக்கு உரிய அளவில் சேரவில்லை என்பதே இவர் கண்டது. அக்கணக்கைப் பசுமைப் புரட்சியைப் போற்றியோர் பலரும் ஏற்கவில்லை. விவாதம் இன்றும் முடிந்தபாடில்லை.

அம்மறுபார்வை 1989-இல் நூலாக வெளிவந்தது. மறு ஆண்டு செப்டம்பரில், புற்றுநோய்க்கு ஆளாகி, வான்கூவரில் காலமானார்.